கப்பாராவுக்கு ஒரு சேவல்

கோழிக்கறி தின்கிறவர்களில் பாதிப் பேருக்குக் கோழியின் நாற்றம் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தட்டுக்கு வந்தபிறகு வீசுகிற மணம்தான். பாலைவனக் காற்று அனலாய் அடிக்கிற ஒரு நாளில், சின்னக் கொல்லை ஒன்றில், பிளாஸ்டிக் கூடைகளில் திணித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கோழிகளுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மேல்கூடைக் கோழியின் எச்சம் கீழ்க்கூடைக் கோழியின் தலையில் விழும். அதன் எச்சம் அதற்கும் கீழே. அடியில் கிடப்பது என்ன பாவம் செய்ததோ, அத்தனை பேர் அசிங்கத்தையும் அதுதான் சுமக்கும். எய்னாவ் ஜன்னலைச் சாத்தினாள். நாற்றம் கதவு வழியாக வந்தது. கதவையும் சாத்தினாள். சாவித் துவாரம் வழியாக வந்தது.

அது அவளுடைய மாமியார் பெர்லாவின் வீடு. இஸ்ரேலின் தெற்கே நெத்திவோத் ஊரில், மொராக்கோவிலிருந்து வந்த யூதர்கள் குடியிருக்கிற தெரு. நாளைக்குப் பொழுது சாய்ந்தால் பாவநிவாரண நாளான யோம் கிப்பூரின் விரதம் தொடங்கிவிடும். அதற்கு முன்னால், விடியற்காலையிலேயே, ஆணுக்கு ஒரு சேவல், பெண்ணுக்கு ஒரு பெட்டை என்று தலையை மூன்று முறை சுற்றி, 'எனக்குப் பதில் இது' என்று சொல்லி அறுத்துவிட வேண்டும். வருஷம் பூராவும் மனிதன் செய்த அயோக்கியத்தனத்துக்குக் கழுத்தை நீட்டுவது கோழி. அறுக்கிறவர் யூத குருவான ரபி மக்லூஃப். அவர் பெர்லாவின் கொல்லையில் வந்துதான் உட்காருவார் என்பதால் தெருக்காரர்களின் கோழிகளும் முந்தின நாளே அங்கே வந்து இறங்கிவிடும். இதில் பெர்லாவுக்கு ஒரு பெருமை.

எய்னாவ் ஹைஃபாக்காரி. அவள் பிறந்த வீட்டில் இந்த நாளில் உண்டியலில் காசு போடுவதோடு சரி. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு வருஷமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு இதைத் தாண்டி வந்திருக்கிறாள். இந்த வருஷம் மூக்கைப் பிடித்தாலும் நிற்கவில்லை. குமட்டல் அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குக் கோழி மட்டும் காரணமில்லை. அவளுக்கு மூன்றாம் மாதம். அது தெரிந்த ஒரே ஆள் அவள் புருஷன் லிரோன். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. இது தங்காவிட்டால் இனி நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்.

இந்த லட்சணத்தில் அவள் மடிமேல் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. பேர்ஷேவாவிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில் வாரம் ஒரு எபிரேயச் சொல்லை எடுத்துக்கொண்டு அதன் ஊரும் பேரும் வம்சமும் எழுதுகிற வேலை அவளுக்கு. இந்த வாரம் ஆசிரியர் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"பண்டிகை வருதும்மா. கப்பாராவை எழுதிடு. நல்லா இனிப்பா, ஜனங்க வாசிச்சிட்டு சிரிச்சிக்கிட்டே விரதத்துக்குப் போற மாதிரி."

கப்பாரா. அந்த வார்த்தையைக் கேட்டாலே எய்னாவுக்கு வாயில் தலைமுடி சிக்கினாற்போல இருக்கும்.

இந்தத் தெருவில் அது உப்பு மாதிரி, எதிலும் விழும். உனக்கு வருகிற கேடு எனக்கு வரட்டும், உனக்குப் பரிகாரமாக நான் போகிறேன் என்பது அதன் அர்த்தமாம். நல்ல பெரிய மனசுதான். ஆனால் பெர்லா அதைப் பிள்ளைகளுக்கும் சொல்வாள், பேரன் பேத்திக்கும் சொல்வாள், கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவனுக்கும் சொல்வாள், மீன் தலைக்கு வந்து நிற்கிற பூனைக்கும் சொல்வாள். பஸ் டிரைவர் பிரேக் போட்டால் அவனும் கப்பாரா. இத்தனை பேருக்காகவும் அவள் சாவதென்றால் ஒரு நாளைக்கு எத்தனை முறை சாக வேண்டியிருக்கும் என்று எய்னாவ் நினைத்ததுண்டு.

இன்னொரு உபயோகமும் இருந்தது. ஏதாவது உடைந்தால், தொலைந்தால், கருகினால், உடனே அந்த வார்த்தைதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்கிற நிம்மதி. அன்று காலையிலும் அப்படித்தான். லிரோனின் தங்கை ஓரித், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே பாத்திரம் கழுவி, ஒரு தேநீர்க் கண்ணாடித் தம்ளரைக் கீழே போட்டாள்.

"கப்பாரா!" என்றாள் ஓரித், தானே போட்டுத் தானே ஆசீர்வாதம் செய்துகொண்டு. வாசலிலிருந்து பக்கத்து வீட்டுக்காரியும் "கப்பாரா!" என்றாள். பெர்லாவும் வாயைத் திறந்தாள். எய்னாவைப் பார்த்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு துடைப்பத்தை எடுக்கப் போனாள்.

பெர்லா வாயை மூடிக்கொள்ளக் காரணம் இருந்தது. போன குளிர்காலத்தில் எய்னாவுக்கு நான்காம் மாதத்தில் கலைந்துபோயிற்று. பெண் குழந்தை. கையும் காலும் விரலும் வந்த குழந்தை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு அவள் கிடந்தபோது பெர்லா பக்கத்தில் உட்கார்ந்து, வெங்காய மணம் போகாத கையால் அவள் புறங்கையைத் தடவித் தடவிச் சொன்னாள்.

"கப்பாரா, பொண்ணே. விடு. கப்பாரா."

எய்னாவ் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அது தம்ளர் இல்ல அத்தை. என் குழந்தை. யாரோட தலைக்கு வந்ததுக்கு என் குழந்தை தலைப்பாகை? இனிமே அந்த வார்த்தை என் காதுல விழக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பெர்லாவின் முகம் சுருங்கிப்போயிற்று. செத்துப்போன புருஷன் ஆத்மாவின் மேல் சத்தியம் செய்தாள். அதன்பிறகு ஊருக்கே அள்ளி இறைக்கிற அந்த வார்த்தை மருமகள் பக்கம் மட்டும் ஒருமுறைகூட வந்ததில்லை. மருமகள் காதில் விழுகிற தூரத்திலும் பெர்லா அதைத் தன் வாயால் சொல்வதில்லை. அப்படியும் எய்னாவுக்கு அருவருப்பு தீரவில்லை. வார்த்தை போனாலும் அந்தக் கையின் தடவல் புறங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதனால்தான் இந்த முறை ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். ஐந்தாம் மாதம் வரை மூச்சு விடக் கூடாது. நேற்று காரில் வரும்போதே லிரோன் தலையைச் சொறிந்தான்.

"சேவலும் பெட்டையும் கூட ஒண்ணு ஒண்ணு வாங்கணுமே, எய்னாவ். வயித்துல இருக்கறது ஆணோ பொண்ணோ தெரியாதில்ல. ரெண்டும் சுத்தணும். அதுதான் முறை."

"போன வருஷம் இந்த நேரத்துல நான் முழுகாமதான் இருந்தேன். நமக்கே தெரியாது. யாரு சுத்தினா?"

"அதான் நானும் சொல்றேன்..."

"என்ன சொல்ற? சுத்தாததுனாலதான் போச்சுங்கறியா? வண்டிய நிறுத்து. நான் ஹைஃபாவுக்கு பஸ் ஏறிடறேன்."

"ஐயையோ, இல்லம்மா. நான் ஒண்ணும் சொல்லல. விடு."

லிரோன் நல்லவன். நல்லவர்களிடம் ஒரு தொல்லை உண்டு. பெண்டாட்டிக்கும் பயப்படுவார்கள், சாமிக்கும் பயப்படுவார்கள், இரண்டு பேரையும் ஒருவருக்கொருவர் தெரியாமல் திருப்திப்படுத்தப் பார்ப்பார்கள்.

மத்தியானம் தாண்டிக் கோழி வியாபாரியின் வேன் கடைசியாக ஒருமுறை வந்து நின்றது. குட்டிக் கூடை ஒன்றை இறக்கி எய்னாவின் ஜன்னலுக்கு நேர்கீழே வைத்தான் வியாபாரி.

"லிரோன் பேருக்கு. ரெண்டு சேவல், ரெண்டு பெட்டை. கணக்கு சரி, வரட்டா?"

ஓரித் ஈரக்கையோடு வெளியே வந்து கூடையைக் குனிந்து பார்த்தாள்.

"யோவ், நில்லு. அண்ணனுக்கு ஒரு சேவல், அண்ணிக்கு ஒரு பெட்டை. மிச்சம் யாருக்கு? எங்க தலையில கட்டப் பாக்கறியா?"

"உங்க அண்ணன்தாம்மா காலைல தனியா வந்து சொல்லிட்டுப் போனாரு. காசும் குடுத்துட்டாரு."

ஓரித் கொல்லைக் கதவோரம் நின்ற அண்ணனைப் பார்த்தாள். லிரோனின் காது இரண்டும் பீட்ரூட் நிறத்துக்கு வந்திருந்தது. உலகத்தில் ஒரு பெண்ணுக்கு இரண்டு பெட்டையும் ஒரு சேவலும் எப்போது வேண்டும் என்பது அந்தத் தெருவில் பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன், சோற்றுத் தட்டைக் கடைத்தெருவில் கொண்டுபோய் வைத்திருந்தான்.

ஓரித் தலையைப் பின்னால் சாய்த்து, நாக்கைச் சுழற்றி ஒரு குலவை விட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குலவை. அதற்கு அடுத்த வீட்டிலிருந்து ஒன்று. தெருக்கோடி வரைக்கும் எய்னாவின் வயிறு போய்ச் சேர்ந்துவிட்டது.

"அண்ணி! கள்ளி! கல்லுளிமங்கி! எத்தனாம் மாசம்? அதான் காலைலேருந்து குஸ்குஸைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறீங்களா?"

பெண்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள். கோழி பிடித்த கையால் ஒருத்தி எய்னாவின் கன்னத்தைக் கிள்ளினாள். வியர்வையும் பூண்டும் வீசுகிற நெஞ்சில் ஒருத்தி அவள் முகத்தை அழுத்தினாள். இன்னொருத்தி கேட்காமலேயே வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், சந்தையில் தர்பூசணி தட்டிப் பார்ப்பதைப்போல. கூடையில் கிடக்கிற கோழிக்கும் தனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. கோழியையும் இப்படித்தான் தூக்கி, அமுக்கி, எடை பார்த்தார்கள்.

"போதும், வெளிய போங்கடி!" என்று பெர்லா சத்தம் போட்டாள். "ஊரைக் கூட்டிக் குலவை விடறீங்களே, கண்ணு படாதா? அறிவிருக்கா? போங்க!"

எல்லோரையும் விரட்டிவிட்டு பெர்லா மருமகளின் எதிரில் நின்றாள். கட்டிப்பிடிக்கவில்லை. அவள் உதடு அந்த வார்த்தையின் முதல் எழுத்துக்குக் குவிந்து, பிறகு கலைந்தது.

"எனக்குச் சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"சொல்ல இஷ்டமில்ல, அத்தை."

பெர்லா தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு தன் அறைக்குப் போய், கண்ணேறு கழிய மந்திரித்துக் கட்டுகிற சிவப்பு நூலில் இரண்டு துண்டு எடுத்துவந்து கூடைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். இரண்டு சேவலில் திடமானதாய்ப் பார்த்து அதன் காலில் சுற்றிக் கட்டினாள். குழந்தைக்கான சேவல் அது. குழந்தைக்கான பெட்டைக்கும் ஒரு துண்டு கட்டினாள். எய்னாவ் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பார்த்தாள். சேவலின் காலில் காய்ந்த எச்சம் செதில் செதிலாய் ஒட்டியிருந்தது. பெர்லா அதை நகத்தால் சுரண்டிவிட்டு முடிச்சுப் போட்டாள். அதே விரல்களால்தான் அப்புறம் மாவு பிசைவாள். எய்னாவ் குளியலறைக்கு ஓடினாள்.

லிரோன் அவள் பின்னாலேயே வந்து கதவுக்கு வெளியே நின்று மெதுவாகப் பேசினான்.

"தப்புதான். என்னால முடியல எய்னாவ். போன தடவை மாதிரி ஆயிட்டா, சேவல் விலைக்குப் பயந்து விட்டுட்டேன்னு ஆயுசு பூரா நெனச்சிக்கிட்டு இருப்பேனே."

"விலைக்குப் பயந்து இல்ல. நான் கேட்டதுக்காக. நான் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டேன்."

"தெரியும்."

"போ. உன் மேலயும் கோழி நாத்தம் அடிக்குது."

அவன் போன பிறகு அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கட்டுரைக்கு உட்கார்ந்தாள். கோபத்தில் விரல் தானாக ஓடியது. இந்த வார்த்தையின் வம்சம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் தாரிலிருந்து தொடங்குகிறது என்று எழுதினாள். நோவாவின் பேழைக்கு உள்ளும் புறமும் பூசிய கீலுக்கு கோஃபெர் என்று பெயர். ஓட்டையை மூடுகிற கறுப்புப் பிசின். கொலைகாரன் தன் கழுத்துக்கு ஈடாகக் கொடுக்கிற விலையும் கோஃபெர்தான். கல்யாணப் பெண்ணின் கையில் பூசுகிற மருதாணிக்கும் அந்தக் காலத்தில் அதுவே பேர். உடன்படிக்கைப் பெட்டியின் பொன் மூடி கப்போரெத். விடியலில் புல்லை மூடுகிற உறைபனி கெஃபோர். கடவுளே இல்லை என்கிறவனும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான், உண்மையை மூடுகிறவன் என்று அவனுக்கும் கோஃபெர் பட்டம். எல்லாம் க், ப், ர் என்கிற அதே மூன்று மெய்யெழுத்து.

பண்டிதர்களுக்குள் இதில் ஒரு பழைய சண்டை. மூலத்தில் இந்தச் சொல்லுக்கு 'மூடு' என்று அர்த்தம் என்கிறது ஒரு கட்சி. இல்லை, பாபிலோன்காரர்கள் 'துடை' என்கிற அர்த்தத்தில் வைத்திருந்தார்கள், அதுதான் மூலம் என்கிறது மறு கட்சி. பாவத்தைக் கடவுள் துடைக்கிறாரா, துணி போட்டு மூடுகிறாரா? பண்டிதர்கள் அடித்துக்கொள்ளட்டும், என்று எய்னாவ் எழுதினாள். என் மாமியார் வீட்டுக் கொல்லையில் இரண்டும் நடப்பதில்லை. இங்கே பாவத்தை எடுத்து இன்னொருவன் தலையில் எச்சமாக விடுகிறார்கள். அடியில் கிடப்பவனுக்கு கப்பாரா என்று செல்லப் பெயர் வைத்து முத்தமும் கொடுத்துவிடுகிறார்கள்.

வாசித்துப் பார்த்தாள். அவளுக்கே நெஞ்சு எரிந்தது. ஆசிரியர் இனிப்பு கேட்டிருந்தார். கடைசிப் பத்தியை அழித்துவிட்டு, 'தன்னையே இன்னொருவருக்காகத் தர முன்வரும் அன்பைச் சொல்ல நம் மொழியில் இதைவிடப் பெரிய சொல் உண்டோ' என்று எழுதி அனுப்பிவிட்டாள். வாய் கூசாமல் பொய் சொல்ல முடிகிறதே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பொழுது சாய்ந்தும் சூடு தணியவில்லை. மற்றக் கூடைகள் சுவரோரம் இருந்தன. ஆனால் அந்தக் குட்டிக் கூடை ஜன்னலுக்குக் கீழேயே இருந்தது. அம்மோனியா வாடை கண்ணைக் கரித்தது. சிவப்பு நூல் கட்டிய சேவல் கூடையின் கம்பிக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் அவளையே பார்த்தது. அலகு திறந்து திறந்து மூடியது. இது என் பிள்ளையாம். இந்தப் பீ ஒட்டிய பிராணி என் பிள்ளைக்குப் பதிலாம்.

எல்லோரும் முன்பக்கம் புதினாத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். லிரோனைக் கூப்பிட்டு நகர்த்தச் சொல்லலாம். அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கொல்லையில், போன வருஷம் கூடாரப் பண்டிகைக்குக் கட்டிய சுக்காப் பந்தலின் மேல் மழைக்காகப் போட்டிருந்த நீலப் பிளாஸ்டிக் தார்ப்பாய் ஒன்று மடித்துக் கிடந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே போய் அதை எடுத்துக் கூடையின் மேல் விரித்தாள். நாற்றம் இடுக்கு வழியாக வந்தது. இன்னொரு மடிப்பு போட்டாள். ஓரங்களைச் சுற்றிலும் செருகி, மேலே ஒரு செங்கல் வைத்தாள். உள்ளே இறக்கை ஒருமுறை படபடத்தது. அதற்கப்புறம் நாற்றம் பாதியாகக் குறைந்தது. பல நாளுக்குப் பிறகு அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள்.

விடியற்காலையில் ரபி மக்லூஃப் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர். கத்தியின் கூர்விளிம்பை நகத்தில் உரசிப் பார்ப்பதும், ஒரு வாய்த் தேநீர் குடிப்பதும், மறுபடி உரசிப் பார்ப்பதுமாக இருந்தார். கீழே மண் பரப்பியிருந்தது. ரத்தம் விழுந்ததும் அதன்மேல் மண்ணை அள்ளிப் போட்டு மூட வேண்டும், அது முறை. தெருக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். தலையைச் சுற்றிக் கோழி போயிற்று, இதுவே என் மாற்று, இதுவே என் பதிலாள், இதுவே என் கப்பாரா என்று முணுமுணுப்பு, ஒரு கீறல், கால் உதைப்பு, மண். அடுத்தவர். இறகு காற்றில் பறந்து தேநீரில் விழுந்தது. ரபி விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார்.

எய்னாவ் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றாள். சீக்கிரம் முடியட்டும். தலையைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடலாம். யாருக்கோ சொல்வதுபோல வாயசைத்தால் போதும். அதற்குமேல் தன்னிடமிருந்து ஒன்றும் எடுக்க முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

"லிரோன் குடும்பம் வாங்க," என்றார் ரபி.

பெர்லா கூடையைத் தேடினாள். நீலத் தார்ப்பாயைப் பார்த்து நின்றாள். செங்கல்லைத் தள்ளிவிட்டுத் தார்ப்பாயை இழுத்தாள். கொதித்த வாடை ஒன்று குப்பென்று எழுந்தது. பெட்டை இரண்டும் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு வாய் திறந்து இரைத்தன. லிரோனின் சேவல் தள்ளாடி எழுந்தது. நான்காவது எழவில்லை. கழுத்து முறுக்கிக்கொண்டு, கண்மேல் வெள்ளைத் தோல் மூடி, மற்றவை மிதித்த எச்சத்தில் மல்லாந்து கிடந்தது. காலில் சிவப்பு நூல்.

"ஐயோ!" என்றாள் ஓரித்.

"இதை யாரு மூடினது?" பெர்லாவின் குரல் உயரவில்லை.

லிரோன் மனைவியைப் பார்த்தான். தார்ப்பாயைப் பார்த்தான். "நான்தாம்மா," என்றான். "வெயில் படக் கூடாதுன்னு..."

"ராத்திரில என்னடா வெயில்?"

"அவன் இல்ல. நான் மூடினேன்," என்றாள் எய்னாவ். "நாத்தம் தாங்கல. நான்தான் மூடினேன்."

சொன்ன பிறகுதான் 'மூடினேன்' என்பது அவள் காதில் விழுந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். இதெல்லாம் மடத்தனம் என்று அவளுக்குத் தெரியும். சூட்டில், காற்றில்லாத கூடையில், பெரிய பறவைதான் முதலில் சாகும், பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் அவள் கை அவளைக் கேட்காமல் வயிற்றின்மேல் போய் இறுக்கிக்கொண்டது. உள்ளே ஏதாவது அசைகிறதா என்று காத்திருந்தாள். மூன்றாம் மாதத்தில் என்ன அசையும்? ஒன்றும் அசையவில்லை.

ரபி கத்தியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தம்ளர் உடைந்தால், பர்ஸ் தொலைந்தால், பால் பொங்கி அடுப்பு அணைந்தால் நாக்கு தானாகச் சொல்லிவிடுகிற வார்த்தை அங்கே அத்தனை பேர் வாயிலும் வந்து நின்றது. ஓரித்தின் உதடு பிரிந்தது. பெர்லா திரும்பிப் பார்த்த பார்வையில் அது ஒட்டிக்கொண்டது. பெர்லாவோ உள்ளங்கையால் தன் வாயையே பொத்திக்கொண்டிருந்தாள்.

அந்த மௌனம்தான் எய்னாவைப் பயமுறுத்தியது. யாரும் சொல்லாவிட்டால் அந்தச் சேவல் சும்மா செத்ததாகிவிடும். அது யாருக்கும் பதில் இல்லை, எதையும் கொண்டுபோகவில்லை. அப்படியானால் வந்தது எதுவோ, இன்னும் இந்தக் கொல்லையில்தான் நிற்கிறது. இன்னும் பசியோடு நிற்கிறது.

"சொல்லுங்க, அத்தை," என்றாள்.

பெர்லா வாயைப் பொத்தியபடியே தலையை ஆட்டினாள்.

"நான்தான வேணாம்னேன்? இப்ப நானே கேக்கறேன். சொல்லிடுங்க. ஒரே ஒரு தடவை."

"மாட்டேன்மா." விரல்களின் இடுக்கிலிருந்து வந்தது பெர்லாவின் குரல். அழுதுகொண்டிருந்தாள். "உன் மாமனார் ஆத்மா மேல சத்தியம் பண்ணியிருக்கேன். அதுவும் இன்னிக்கா மீறச் சொல்ற? இன்னிக்கு மீறி, அது உனக்கே திரும்பிட்டா?"

எய்னாவ் ஓரித்தைப் பார்த்தாள். ஓரித் அம்மாவுக்குப் பயந்து கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். லிரோன் அழுக்குத் தார்ப்பாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

எய்னாவ் படியிறங்கினாள். கூடைக்கு முன்னால் மண்டியிட்டாள். கதவைத் தூக்கி, வெறுங்கையை உள்ளே விட்டு, எச்சத்திலிருந்து அந்தச் சேவலை எடுத்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அடிவயிறு இன்னும் சூடாக இருந்தது. இறகுக்குள்ளிருந்து பேன் ஒன்று அவள் மணிக்கட்டில் ஏறியது. அருவருப்பு தலையிலிருந்து கால் வரை ஓடியது. கீழே போடவில்லை.

"கப்பாரா," என்றாள்.

நாக்கில் அது கசந்தது. எவ்வளவு கேவலமான வார்த்தை. இன்னொன்று செத்ததற்கு நன்றி சொல்கிற வார்த்தை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் யாரிடம் அதை இனிச் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாளோ, அவள் கண்ணெதிரிலேயே, கையில் பிணத்தைப் பிடித்துக்கொண்டு, தன் வாயாலேயே அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இது செத்தது போதும். இதோடு போகட்டும். இதை எடுத்துக்கொள், என்னுடையதை விடு.

"கப்பாரா," என்றாள் மறுபடி, சத்தமாக. "கப்பாரா."

"ஆமேன்," என்றாள் பெர்லா. கொல்லை முழுவதும் அதைத் திருப்பிச் சொன்னது. ரபியும் சொன்னார்.

சேவலை மண்ணில் வைத்துவிட்டு எய்னாவ் குழாயடிக்குப் போய்க் குனிந்து, வயிற்றில் இருந்ததையெல்லாம் வாந்தியெடுத்தாள். பெர்லா வந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் வெங்காயமும் கோழியும் மணத்தன. எய்னாவ் அதைத் தட்டிவிடவில்லை. பிடித்திருக்கட்டும் என்று விட்டாள். வாயைக் கொப்பளித்து நிமிர்ந்தபோது லிரோன் பக்கத்தில் வந்து நின்றான், என்ன செய்வது என்று தெரியாத முகத்தோடு.

"அந்த வியாபாரி இன்னும் கடையில இருப்பானா?"

"இருப்பான். ஏன்?"

"இன்னொரு சேவல் வாங்கிட்டு வா. ரபி கிளம்பறதுக்குள்ள வந்துடு." அவள் முந்தானைபோல் தொங்கிய தலைத்துண்டின் நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தும் கசப்பு போகவில்லை. "உயிரோட இருக்கான்னு நல்லா பாத்து வாங்கு. வர்ற வழியில அதுக்குக் கொஞ்சம் தண்ணி காட்டு."